டிரைவரைப் பாரு கண்ணு

வா கண்ணு, வா. கயித்துக் கட்டில்ல இக்கட்டால உக்காரு. அக்கட்டால கயிறு தொங்கிப்போய்க் கெடக்குது. டீக்கடை முச்சூடும் உன்ற பேச்சுத்தான், நீயும் அம்மணியும் ஆப்பிரிக்காவுக்குச் சபாரி போறீங்கன்னு. பங்காளி ஒருத்தன் எங்கிட்டயே வந்து கேக்கறான், “ஏனுங்ண்ணா, பேரன் சபாரி போறானாமா, துணி ஈரோட்டுல எடுத்தீங்களா, சேலத்துல எடுத்தீங்களா?”ன்னு. அவனைச் சொல்லிக் குத்தமில்ல. எங்க காலத்துல சபாரின்னா அது துணிதான். சட்டையும் பேண்ட்டும் ஒரே கலரு, சட்டைக்கு நாலு ஜோப்பு. கல்யாணத்துக்குத் தெச்சா ரிடையர் ஆகற வரைக்கும் தாங்கும். சுவாகிலி பாசையில அதுக்குப் பயணம்னு அர்த்தம், அதும் அரபிக்காரங்கிட்டக் கடன் வாங்குன வார்த்தைன்னு அங்க போயித்தான் நானே தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆமா, நான் போயிட்டு வந்தவன். உனக்குத் தெரிஞ்சிருக்காது. நீ அப்ப பெங்களூர்ல இருந்தே. அப்பாரு ரெண்டு வாரமா ஃபோன் எடுக்கலையேன்னு நெனைக்கக்கூட உனக்கு நேரமில்ல. என் தங்கச்சி மகன் போர் போடற ரிக் வண்டி மேல கென்யாவுல இருக்கான்ல, அவன் கூட்டிக்கிட்டுப் போனான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத சீமை எது? தண்ணி இல்லாத ஊரு எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம் நம்ம ஆளு ஒருத்தன் பைப்பை எறக்கிக்கிட்டு நிப்பான். “மாமா, நாப்பது வருசம் லாரி ஓட்டினீங்க, ஒரு நாளாவது உக்காந்துக்கிட்டு வாங்க”ன்னான். போனேன். அதனால உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை இந்தப் புதுச்சத்திரத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் இருக்குது. சிரிக்காதே, கேளு.

மொதல்ல ஊசி. மஞ்சக் காச்சலுக்குத் தடுப்பூசி போடாம நீ கென்யாவுக்குப் போயிட்டு வந்தீன்னா, நம்ம ஏர்போர்ட்டுலயே புடிச்சு ஆறு நாளு வரைக்கும் தனியா உக்கார வெச்சிருவாங்க. சென்னை கிண்டியில கிங் இன்ஸ்டிடியூட்டுல போடறாங்க. போறதுக்கு 10 நாளைக்கு முன்னாடியே போட்டாகணும். ஒருக்காப் போட்டா ஆயுசுக்கும் செல்லும். மஞ்சள் கார்டு ஒண்ணு குடுப்பாங்க, அதைப் பாஸ்போர்ட்டோட வெச்சுக்கணும். நீ கடைசி நாள்ல டிக்கெட் போடற ஆளு. உன்ற கல்யாணப் பத்திரிகையே முகூர்த்தத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடிதான் எங்கைக்கு வந்துச்சு. அதனாலதான் மொதல்லயே சொல்றேன்.

ரெண்டாவது, பை. பிளாஸ்டிக் கவரை உருட்டி உருட்டிப் பெட்டிக்குள்ள திணிக்கற பழக்கம் உங்கம்மா கிட்ட இருந்து உனக்கு வந்திருக்குது. அங்க ஆகாது. கென்யாவுல 2017-லயே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டுட்டாங்க. 2020-லிருந்து காட்டுக்குள்ள ஒருக்காக் குடிச்சுட்டு எறியற தண்ணி பாட்டில்கூட ஆகாது. நான் தட்டுவடையும் முறுக்கும் மஞ்சப்பையில கட்டிக்கிட்டுத்தான் போனேன். நம்ம கவர்மெண்டு மஞ்சப்பைக்கு 2021-ல திட்டம் போட்டு விளம்பரம் பண்ணுச்சு. உங்கப்பத்தா அதுக்கு நாப்பது வருசத்துக்கு முந்தியே பண்ணிக்கிட்டு இருந்தா, ஒரு விளம்பரமும் இல்ல.

மூணாவது, சட்டை. கருநீலம், கருப்பு ரெண்டும் வேண்டாம். ட்செட்சின்னு ஒரு ஈ இருக்குது. நம்ம மாட்டீ மாதிரிதான், கடிச்சா உசுரு போற மாதிரி வலிக்கும். அதுக்கு அந்தக் கலர் ரெண்டும் நெம்பப் புடிக்கும். வெள்ளை போட்டீன்னா பத்து நிமிசத்துல செங்கல் சூளைக்குப் போயிட்டு வந்தவனாட்டம் ஆயிருவே. நான் வேட்டியில போனேன். அதைப் பத்திக் கேக்காதே. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு, வெயில் கொளுத்தும்னு நெனச்சுக்கிட்டு ஒரு துண்டோட கெளம்பிட்டேன். மாசாய் மாரா தரைமட்டத்துலிருந்து 1,500 மீட்டருக்கு மேல, ஏற்காடு ஒசரம். கோழி கூப்பிடற நேரத்துல பல்லு கிட்டிப்போச்சு. கடைசியில கேம்புல வாட்ச்மேனா இருந்த ஒரு மாசாய்க்காரரு அவரு போத்தியிருந்த செவப்புக் கட்டம் போட்ட துப்பட்டியைக் கழட்டிக் குடுத்தாரு. பாத்தா நம்ம லுங்கிதான், தடிப்புத்தான் எச்சு.

சரி, விசயத்துக்கு வர்றேன். நைரோபியிலிருந்து நாரோக் வழியா அஞ்சாறு மணி நேரம் போனா மாரா. 1,510 சதுர கிலோமீட்டர். நம்ம நாமக்கல் ஜில்லாவுல பாதிகூட வராது. ஆனா அதுக்குத் தெக்கால வேலி கீலி ஒண்ணும் இல்லாம டான்சானியாவோட செரங்கெட்டி ஒட்டிக்கிட்டுக் கெடக்குது பாரு, அதுக்குள்ள நம்ம ஜில்லாவை நாலு வாட்டி வெக்கலாம். நடுவால நாட்டு எல்லை போகுது. அதைத் தாண்டறதுக்கு உனக்குப் பாஸ்போர்ட்டு, விசா, மஞ்சள் கார்டு எல்லாம் வேணும். லட்சக்கணக்குல காட்டு மாடு வருசா வருசம் அந்த எல்லையைத் தாண்டிப் போயிட்டு வருது, ஒருத்தன் நிறுத்திக் கேக்க மாட்டேங்கறான்.

உள்ள போறதுக்கே வெளிநாட்டு ஆளுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 100 டாலரு. ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் 200 டாலரு, 2024-ல ஏத்திட்டாங்க. இது வண்டி வாடகை, ரூமு, சாப்பாடு எல்லாத்துக்கும் மேல. இங்கதான் நீ புத்தியை அடகு வெப்பே, எனக்குத் தெரியும். காசு கட்டினவனுக்கு ஒரு எண்ணம் வந்துரும்: நான் இவ்வளவு குடுத்திருக்கேன், சிங்கம் வந்து நிக்கணும்னு. கண்ணு, அந்த டாலர்ல சிங்கத்துக்கு ஒரு பைசா போறதில்ல. அதுக்கும் உனக்கும் ஒரு பேச்சும் இல்ல.

காலையில ஆறு மணிக்குக் கேட்டைத் தொறப்பாங்க. நம்ம வண்டி கூரையை மேல தூக்கிவிடற மாதிரி பாடி கட்டின டொயோட்டா லேண்ட் குரூசரு. எல்லாரும் ஏறி, ஜன்னல் எனக்கு, உனக்குன்னு ஓரியாட்டம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் கீழயே நின்னுக்கிட்டு வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்தேன். பட்டை, ஸ்டெப்னி, ஜாக்கி, டயர்ல கட்டை எவ்வளவு இருக்குதுன்னு எல்லாம் பாத்தேன். நாமக்கல்லுல லாரி பாடி கட்டற பட்டறையில பாதி ஆயுசு உக்காந்து பீடி குடிச்சவனுக்கு வேற என்ன தெரியும்? டிரைவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பறம் ஒண்ணும் பேசல, முன்னால இடது பக்கத்துக் கதவைத் தொறந்துவிட்டாரு. அங்கயும் நம்மளாட்டமே வலது பக்கம் ஸ்டீரிங்கு, இடது பக்கம் போற ரோடு. வெள்ளைக்காரன் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம் போட்டுட்டுப் போயிருக்கான்.

நீயும் அந்த சீட்டைத்தான் கேட்டு வாங்கணும். ஜன்னலை அம்மணிக்கு விட்டுக்குடு, புண்ணியமாவது கெடைக்கும். அந்த சீட்டுல உக்காந்துக்கிட்டு வெளிய பாக்காதே, டிரைவரைப் பாரு. இதுதான் நான் சொல்ல வந்ததே.

நான் மொதல் ஒரு மணி நேரம் உன்னையாட்டந்தான் இருந்தேன். கண்ணைக் கசக்கிக் கசக்கிக் காட்டைத் தொழாவிக்கிட்டு, “அதா சிங்கம்! அதா சிங்கம்!”னு மூணு வாட்டி கத்திட்டேன். மூணும் கரையான் புத்து. மூணாவது புத்துக்கு அந்த மனுசன் “ஹக்கூனா மட்டாட்டா”ன்னு சொன்னாரு. பரவாயில்ல, போச்சாதுன்னு அர்த்தம். சொன்ன தொனி எனக்குத் தெரிஞ்ச தொனிதான். புதுசா வந்த கிளீனர் பையன் கியர் பாக்சைப் பாத்து இஞ்சின்னு சொன்னா நான் அப்படித்தான் சொல்லுவேன்.

அதுக்கப்பறம்தான் வாயை மூடிக்கிட்டு அவரு கண்ணு எங்க போகுதுன்னு பாத்தேன். அவரு சிங்கத்தைத் தேடவே இல்ல கண்ணு. வரிக்குதிரையைப் பாத்துக்கிட்டு ஓட்டறாரு. ஒரு எடத்துல அம்பது வரிக்குதிரை. அதுல பாதி மேய்ஞ்சுக்கிட்டு இருக்குது, பாதி தலையைத் தூக்கி ஒரே பக்கமாப் பாத்துக்கிட்டு நிக்குது. அவ்வளவுதான், இஞ்சினை அணைச்சுட்டாரு. அதுக பாக்கற பக்கம் நாங்களும் பாத்தோம். புல்லுதான் இருந்துச்சு. கால் மணி நேரம் புல்லையே பாத்தோம். பின்னால ஒரு அம்மா “போலாங்களா?”ன்னு கேட்டுருச்சு. அப்பத்தான் புல்லுக்குள்ள ஒரு காது ஆடுச்சு. பொட்டைச் சிங்கம் ரெண்டு.

பாறுக் கழுகும் அப்படித்தான். மரத்து மேல கம்முனு வரிசையா உக்காந்திருந்தா, கீழ எவனோ இன்னும் சாப்புட்டு முடிக்கலைன்னு அர்த்தமாம். பந்தி முடிஞ்சு எலை எடுக்கற வரைக்கும் வாசல்ல நிக்கற ஒறம்பரையாட்டம். ஒட்டகச்சிவிங்கி மேயறதை நிறுத்திட்டு ஒரு தெசையையே மொறைச்சுக்கிட்டு நின்னாலும் டிரைவரு வண்டியை அந்தப் பக்கம் ஒடிப்பாரு. பதினெட்டடி ஒசரத்துல கண்ணை வெச்சிருக்கற ஜீவன் சும்மா பாக்காதுல்ல. அத்தனை நீளக் கழுத்துக்கும் உள்ள எலும்பு ஏழுதான், உனக்கும் எனக்கும் இருக்கற மாதிரியே.

எனக்கு இது புதுசா? திம்பம் மலை ரோட்டுல 27 கொண்டை ஊசி வளைவு. ராத்திரியில கரும்பு லோடு, நூல் லோடுன்னு ஏறி மைசூருக்குப் போவோம். யானை நிக்கறது கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியும். மூங்கில் முறியற சத்தம் கேட்டா லைட்டைத் தாழ்த்திட்டு நின்னுருவோம். காரப்பள்ளம் செக்போஸ்ட்டுப் பக்கம் கரும்பு லாரி வர்ற நேரம் தெரிஞ்சுக்கிட்டு வந்து நிக்கும் பாரு, ஆர்.டி.ஓ. தோத்துப் போவாரு; நாலு கட்டை உருவிக்கிட்டுத்தான் வழி விடும். பந்திப்பூர் ரோட்டை 2009-ல ராத்திரி 9 மணிக்கு மேல அடைச்சாங்க. திம்பத்தையும் ஹைகோர்ட்டு சொல்லி 2022 பிப்ரவரியில ராத்திரிக்கு அடைச்சாங்க. அப்ப நானும் சங்கத்துல எல்லாரோடயும் ஒட்டுக்கா நின்னு கத்துனவன்தான், டீசல் என்னாவறது, லோடு என்னாவறதுன்னு. ராத்திரி அந்த ரோட்டுல எத்தனை புள்ளிமான் டயருக்கு அடியில போச்சுன்னு ஓட்டுன எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் கத்துனோம். அதை விடு.

அந்தக் கென்யா டிரைவருக்குச் சட்டையில ஒரு பேட்ஜ் இருந்துச்சு. வெண்கலம், வெள்ளி, தங்கம்னு மூணு படியாம். பரீட்சை எழுதித்தான் ஏறணும். மிருகத்துப் பேரு மட்டும் கேக்கறதில்ல, பறவை, புல்லு, மரம், சட்டம் எல்லாம் கேப்பாங்களாம். இங்க எட்டுப் போட்டுக் காட்டினா எனக்கு லைசென்சு குடுத்துட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் பேச ஒரு பாசை இல்ல. ஆனா சாயான்னாலும் சப்பாத்தின்னாலும் அவருக்குப் புரிஞ்சுது. அவங்களுக்கும் அது சாய், சப்பாத்திதான். வரிக்குதிரைக்கு அவங்க வெச்ச பேரு ‘புண்டா மிலியா’. கோடு போட்ட கழுதைன்னு அர்த்தமாம். நாமதான் கழுதைக்குப் பிரமோசன் குடுத்துக் குதிரை ஆக்கி வெச்சிருக்கோம்.

சப்பாத்தி அங்க எப்படிப் போச்சுன்னு கேளு. நம்ம நாட்டு ஆளுதான் கொண்டுபோனான். 1896-லிருந்து 1901 வரைக்கும் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு வெள்ளைக்காரன் ரயிலு போட்டான். அதுக்கு இங்கிருந்து முப்பதாயிரத்துக்கு மேல கூலி ஆளுங்க, பெரும்பாலும் பஞ்சாபுப் பக்கம். 1898-ல சாவோன்னு ஒரு ஆத்துல பாலம் கட்டறப்ப, பிடரி மயிரே இல்லாத ரெண்டு ஆண் சிங்கம் மாசக்கணக்கா ராத்திரியில கூடாரத்துக்குள்ள பூந்து ஆளை இழுத்துக்கிட்டுப் போச்சு. ரயில்வே கணக்குல நம்ம நாட்டு ஆளுங்க மட்டும் 28 பேரு. பேட்டர்சன்னு ஒரு இஞ்சினியர் அந்த டிசம்பர்ல ரெண்டையும் சுட்டாரு. அவரு எழுதினதுல கணக்கு 135 வரைக்கும் ஏறுது. அந்த ரெண்டு சிங்கமும் பாடம் பண்ணி இப்ப சிகாகோ மியூசியத்துல நிக்குது. நீ கூரையைத் தூக்கிவிட்ட வண்டியில நின்னுக்கிட்டு ஜூஸ் குடிக்கப் போறே. அன்னைக்கு நம்ம நாட்டுக்காரன் அங்க சிங்கம் பாத்தது கித்தான் துணி மறைவுலதான்.

ஆண் சிங்கமும் பாத்தேன். என்ன பெரிய சிங்கம்! ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் படுத்தே கெடக்குமாம். மல்லாக்கப் படுத்துக்கிட்டு நாலு காலையும் மேல விட்டுக்கிட்டு, வவுத்துல ஈ மொய்க்கக் கெடந்துச்சு. நம்ம டீக்கடை பெஞ்சு மேல மத்தியானத்துல கெடப்பானுங்களே, அதேதான். பேப்பர் மட்டும் மொகத்துல இல்ல. வேட்டையும் நாலு வாட்டி எறங்கினா ஒரு வாட்டிதான் கைகூடுமாம். மீதி மூணு வாட்டி மூச்சு வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்துரும். இதுக்கா ராசான்னு பேரு வெச்சோம்னு எனக்குப் பொக்குனு போச்சு.

அதைச் சுத்தி அஞ்சு வண்டி. அதுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு விதி. மத்த வண்டி தள்ளி நின்னு மொறை வெச்சுத்தான் வரணும். பக்கத்து வண்டியில ஒருத்தன் சிங்கத்தை எழுப்பறதுக்கு விசிலடிச்சான். எங்க டிரைவரு திரும்பி ஒரு பார்வை பாத்தாரு பாரு! நம்ம ஆளாத்தான் இருக்கும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். எந்த ஊருன்னு நான் விசாரிக்கல. நீ விசிலடிச்சீன்னு மட்டும் எனக்குச் சேதி வந்துச்சோ, இந்தக் கட்டில்ல உனக்கு எடம் கெடையாது. அப்பறம் ஃபோனு. மறுநா என் தங்கச்சி மகன் ஃபோன்ல எடுத்ததைக் காட்டுனான், 400 படம். அதுல 380 படம் ஏதோ ஒண்ணோட பின்பக்கம்.

யானையைப் பாத்து நெம்ப சந்தோசப்பட்டேன். சொந்தக்காரனை வெளியூர் பஸ் ஸ்டாண்டுல பாத்த மாதிரி. ஆனா ஒரு சுத்துப் பெருசு. அங்க பொட்டைக்கும் தந்தம் இருக்குது. காது பாத்தா ஆப்பிரிக்கா மேப்பையே ஒட்டி வெச்ச மாதிரி இருக்குது. தும்பிக்கை நுனியில நம்ம யானைக்கு ஒரு வெரலு. அங்கத்த யானைக்கு மேலயும் கீழயுமா ரெண்டு வெரலு. ஒரு குட்டி, போட்டு நாலு மாசம்கூட இருக்காது, தாயி காலுக்குள்ளயே பூந்து பூந்து நடந்துச்சு. இருபத்திரண்டு மாசம் சொமந்து பெத்தது. அம்மணிகிட்ட அதைக் காட்டு. நாளப்பின்ன பத்து மாசம் அதுக்குச் சுலுவாத் தெரியும்.

மத்தியானம் ஒரு மரத்தடியில சாப்பாடு. பொட்டியைத் தொறந்தா வேக வெச்ச முட்டை. அட கெரகமே! நாமக்கல்லுலிருந்து இத்தனாயிரம் மைலு தாண்டி வந்தும் முட்டை விடலையேன்னு வயித்தெரிச்சலா இருந்துச்சு. அங்க விலை என்னன்னு கேட்டு வெச்சுக்கலாம்னு பாத்தேன், என் தங்கச்சி மகன் மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டான். அந்நேரத்துக்கு எதிர்ல ஒரு நெருப்புக்கோழி நடந்து போச்சு. அது முட்டை ஒண்ணு, கோழி முட்டை இருபத்துநாலுக்குச் சமம். ரெண்டு டஜனு ஒரே ஓட்டுக்குள்ள! நம்ம பண்ணைக்காரங்க அட்டையில அடுக்கறதுக்குத் தோதுப்படாது, அதான் விட்டு வெச்சிருக்காங்க.

இன்னொரு சங்கதி. காட்டுக்குள்ள ஒதுங்கணும்னா வாயத் தொறந்து சொல்லக் கூச்சப்படாதே. அங்க டிரைவருக பேச்சுல அதுக்குப் பேரு ‘டயர் பாக்கறது’. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. நாங்களும் நாப்பது வருசமா அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். ஆனா நீயா எறங்கிரக் கூடாது. அவரு நாலு பக்கமும் பாத்துச் சொன்னதுக்கு அப்பறம்தான் எறங்கணும், அதும் வண்டிக்கு ஒட்டியே.

சாயங்காலம் மாரா ஆத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நாங்க போனது ஆகஸ்டு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் அந்தக் காட்டு மாடுக, ‘நியும்பு’ன்னு சொல்றாங்க, ஆத்தைத் தாண்டறதுதான் உலகமே பாக்க வர்ற காட்சி. கீழ முதலை, நடுவால நீர்யானை, இக்கரையில சில ஆயிரம் மாடு, அக்கரையில பச்சைப் புல்லு. நாங்க நாலு மணிக்குப் போயி நின்னோம். மாடுக கரைக்கு வந்துச்சு. எறங்கற மாதிரி நின்னுச்சு. ஒண்ணு தண்ணியில மூக்கை வெச்சுச்சு. என்னமோ நெனச்சுக்கிட்டு மொத்தக் கூட்டமும் புழுதியைக் கெளப்பிக்கிட்டுத் திரும்பி ஓடிப்போச்சு. அரை மணி நேரம் கழிச்சு மறுக்கா வந்துச்சு. மறுக்கா ஓடுச்சு. வண்டியில எல்லாரும் தலையில கை வெச்சுக்கிட்டாங்க.

எனக்கு ஒரு வெசனமும் இல்ல. நம்ம புதன்சந்தைக்குப் போயிருக்கியா நீ? பேருதான் புதன்சந்தை, மாடு கூடறது செவ்வாக்கெழமை. கேரளா யாவாரிக்கு மாடு ஏத்தறப்பப் போயி நின்னு பாரு. லாரிக்குப் பலகை போட்டிருப்பான். மொத மாடு ஏற மாட்டேன்னு நாலு காலையும் ஊணிக்கிட்டு நிக்கும். வாலை முறுக்கினாலும் வராது. அந்த மொத மாடு ஒண்ணு ஏறிருச்சுன்னு வெய்யி, பின்னால நிக்கறது முச்சூடும் யாரும் சொல்லாம தானாவே ஏறும். ஆத்தங்கரையிலயும் அவ்வளவுதான் நடக்குது. எல்லாம் அந்த மொத மாட்டுக்குத்தான் காத்துக்கிட்டு நிக்குது. எங்களுக்கு அன்னைக்கு மொத மாடு வரல. ஆறரைக்குள்ள வெளிய போயாகணும்னு டிரைவரு வண்டியைத் திருப்பிட்டாரு. பின்னால உக்காந்திருந்த அம்மா காசெல்லாம் போச்சுன்னு அழுகாத கொறை. டிரைவரு எங்கிட்டத் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. லோடு கெடைக்காம வெறும் வண்டியோட ஊரு திரும்பறப்ப நாங்க சிரிப்போமே, அது.

அதனால கண்ணு, போறதுக்கு முன்னாடி ஒரு பழக்கம் பண்ணிக்கிட்டுப் போ. நாளைக்குச் சாயங்காலம் நம்ம காட்டுக் கெணத்து மேட்டுல, நைனாமலையைப் பாத்த மாதிரி ஒரு மணி நேரம் உக்காரு. ஃபோனை உங்கப்பத்தாகிட்டக் குடுத்துரு. ஆட்டுக்குட்டி எதுக்குத் திடீர்னு மேயறதை நிறுத்துச்சு, மைனா எதைப் பாத்துக் கத்துது, கீரி எந்த இட்டேறியில பூந்து எதுல வெளிய வருதுன்னு எனக்கு வந்து சொல்லு. மூணும் சொல்லிட்டீன்னா உனக்குப் போற காசு வீண் போகாது. சொல்ல முடியலைன்னா அந்தக் காசுக்கு முதுமலை போயிட்டு வா. 1940-லிருந்து சரணாலயம், தெப்பக்காட்டுல யானை முகாமும் இருக்குது, மஞ்சக் காச்சல் ஊசியும் வேண்டாம். சிங்கந்தான் வேணும்னா குஜராத்துல கிர் காடு. 2025-ல எண்ணினப்ப அதும் சுத்துப்பக்கமும் சேத்து 891 சிங்கம். சிவிங்கிப்புலி வேணும்னாலும் 2022 செப்டம்பர்ல நமீபியாவிலிருந்து எட்டை ஏரோப்ளேன்ல கொண்டாந்து மத்தியப் பிரதேசத்துல குனோ காட்டுல விட்டிருக்காங்க. அது இங்க வந்துருச்சு, நீ அங்க போறே.

மயில் வந்து கம்பங்கதிரைக் கொத்துதுன்னு போன மாசம் கல்லெடுத்து வீசினவன் நீதானே? அங்க போயிக் கழுத்துல காமிரா மாட்டிக்கிட்டு ஒரு சின்னக் குருவிக்கு “ஆகா ஆகா”ங்கப் போறே. போ, போயிட்டு வா. நான் ஒண்ணும் தடுக்கல. திரும்பி வந்தாவது மயிலுக்குக் கல்லெடுக்காம இருந்தாச் சரி.

ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு டிரைவருக்குக் கையில ஏதாச்சும் குடு. கவர்ல போட்டுக் குடு, எல்லாரு முன்னாடியும் எண்ணிக் குடுக்காதே. சிங்கம் காட்டுனாத் தர்றேன், காட்டாட்டித் தர மாட்டேன்னு கணக்குப் போடாதே. லோடு எறக்கினாத்தான் படின்னு சொன்ன ஓனருகிட்ட எல்லாம் நான் வேலை பாத்திருக்கேன்.

அந்த டைரியை எடு, அந்த மாடத்துல இருக்குது பாரு, செவப்பு அட்டை. ட்ரிப் ஷீட் எழுதின பழக்கம், அன்னைக்கும் எழுதி வெச்சிருக்கேன். காலையில 6 மணிக்குக் கெளம்பினது, சாயங்காலம் 6.30-க்கு வெளிய வந்தது. மொத்தம் 17 வகை மிருகம். பதினாறுக்கு நேரா ‘டி’ன்னு போட்டிருக்கேன் பாரு, டிரைவரு மொதல்ல பாத்தது. ஒண்ணே ஒண்ணுக்கு நேராத்தான் என் கையெழுத்து இருக்கும். சேத்துக்குள்ள முதுகு மட்டும் தெரிஞ்சுது, அவருக்கு முன்னாடி நான் கையைக் காட்டுனேன். எரும.